டால்ஸ்டாய் பண்ணையின் தமிழாசிரியர்

காந்தியடிகளை அறியாத மாணவர் நம் பள்ளியில் ஒருவரும் இரார். இடையில் ஒற்றைத் துணி, கையில் ஊன்றுகோல், வட்டக் கண்ணாடி, பொக்கைவாய்ச் சிரிப்பு என்று ஏழு வயதுப் பிள்ளையும் அவரை வரைந்து காட்டிவிடும். ஆயினும் நாம் இங்கு எழுதப் புகுவது அந்த முதியவரின் கதையை அன்று. நாற்பது வயதில், நல்ல வருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு, தென்னாபிரிக்காவின் பண்ணையொன்றிலே தமிழ்ப் பிள்ளைகளின் கையில் அரிச்சுவடியையும் மண்வெட்டியையும் ஒருங்கே கொடுத்த ஓர் ஆசிரியரின் கதை இது. அந்தப் பண்ணை வாழ்வு மூன்று ஆண்டுகள் கூட நிறையவில்லை. வரலாற்று நூல்கள் அதனைச் சில பக்கங்களில் கடந்து சென்றுவிடும். புலம்பெயர்ந்த நாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கோ, அவருடைய வாழ்வில் நமக்கு மிக அண்மையான பகுதி அதுவே.

1869 ஒக்டோபர் 2ஆம் நாள் குசராத்தின் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, இலண்டனில் சட்டம் பயின்று 1891இல் ஊர் திரும்பினார். தொழில் சிறக்கவில்லை. பம்பாய் நீதிமன்றத்திலே முதல் வழக்கில் எழுந்து நின்றவர், நாவெழாமல் தலைசுற்றி அமர்ந்துவிட்டார். 1893இல் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காக ஓராண்டு ஒப்பந்தத்தில் தென்னாபிரிக்கா சென்றார். அந்த ஓராண்டு இருபத்தோர் ஆண்டுகளாக நீண்டது.

அவருக்கு முன்பே தமிழர் அங்கே இருந்தனர். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கிப் பல்லாயிரம் தமிழர் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்டனர். 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, எசமானனால் அடிபட்டு, பல் உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி காந்தியடிகளின் அலுவலகத்துக்கு வந்து நின்றார். முதலில் அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி சொல்லிவிட்டுத்தான் காந்தியடிகள் வழக்கைக் கேட்டார். அவரைக் கொடிய எசமானனிடமிருந்து விடுவித்து வேறிடத்தில் சேர்த்தும் விட்டார். தமிழரின் துயரைத் தமிழரின் மொழியிலேயே கேட்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு அக்காலத்திலேயே வேரூன்றியது. அவர் தமிழ் படித்த இடங்கள் இரண்டு: கப்பல், சிறைச்சாலை. ஜி. யூ. போப் எழுதிய தமிழ்க் கைநூலே அவருக்கு ஆசான். வேறு வசதி வாய்க்கவில்லை.

1907இல் டிரான்ஸ்வால் அரசாங்கம், ஆசியர் ஒவ்வொருவரும் பெருவிரல் அடையாளம் பதித்துப் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் செய்தது. அதனை எதிர்த்துச் சிறை புகுந்தவருள் முன்னின்றவர் தமிழர். மொரிசியசில் பிறந்த தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை சென்றார். நாகப்பன் என்னும் இளைஞர் 1909ஆம் ஆண்டின் கடுங்குளிர் காலத்திலே சிறையில் வீதி வேலை செய்விக்கப்பட்டு, சளிக்காய்ச்சல் கண்டு, விடுதலையான சில நாள்களில், ஜூலை மாதத்தில் உயிர்நீத்தார். நாராயணசாமி என்பவர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, திரும்பி வந்தபோது கரையிறங்க இடம் மறுக்கப்பட்டு, 1910 ஒக்டோபரில் துறைமுகத்திலேயே இறந்தார். கப்பலிலிருந்து இறங்க விடாமல் மனிதரைத் தடுத்து வைக்கும் கதை நம்மில் பலருக்குப் புதிதன்று.

சிறை சென்றவரின் மனைவி மக்கள் என் செய்வர்? மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டிருக்க இயக்கத்திடம் நிதி இல்லை. அந்த வேளையிலே காந்தியடிகளின் நண்பரும் யூதருமான ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பேர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில், லோலி என்னும் புகையிரத நிலையத்துக்கு அருகே 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1910 மே 30ஆம் நாள் வாடகையின்றிக் கொடுத்தார். உருசிய எழுத்தாளர் டால்ஸ்டாயின் பெயரால் அது டால்ஸ்டாய் பண்ணை எனப்பட்டது. அந்நிலத்தில் ஏறக்குறைய 1,000 பழமரங்கள், இரண்டு கிணறுகள், ஓர் ஊற்று, அடிவாரத்தில் ஐந்தாறு பேர் தங்கத்தக்க ஒரு சிறு வீடு. வந்து சேர்ந்தவரோ அறுபது எழுபது பேர். தமிழர், குசராத்தியர், வட இந்தியர், இந்து, இசுலாமியர், கிறித்தவர், பார்சி எனப் பலவகையினர். பிள்ளைகள் மட்டும் இருபது முப்பது பேர் இருந்தனர். தகரக் கொட்டகைகள் எழும்வரை எல்லாரும் கூடாரத்தில் படுத்தனர். கூடாரத்தில் படுத்த பெற்றோர் பலர் இம்மலரைப் படிப்பீர்கள்; அதைப் பற்றி நாம் விரிப்பது தேவையில்லை.

பண்ணையில் வேலையாள் ஒருவரும் இல்லை. சமையல் முதல் கழிவறைத் துப்புரவு வரை எல்லாம் தம் கையாலேயே. ஊற்று வீடுகளிலிருந்து ஐந்நூறு கசம் தள்ளி இருந்தமையால் தண்ணீரைக் காவடியில் சுமந்து வந்தனர். காலையில் சமையலறையில் வேலை இல்லாத ஒவ்வொருவரும், சிறியோரும் பெரியோரும், குறித்த நேரம்வரை தோட்டத்தில் நிற்க வேண்டும். தோட்டத்துக்குப் பொறுப்பாளர் காலன்பாக். அரசாங்க மாதிரித் தோட்டமொன்றில் அவர் சிறிது பழகியிருந்தார். கிடங்கு வெட்டுவதும் மரம் தறிப்பதும் சுமை தூக்குவதும் பெரும்பாலும் பிள்ளைகளின் பங்கு. அதனால் அவர்கள் உடல் உரம் பெற்றது, நோய் அரிதாயிற்று. தோடை, அப்ரிகொட், பிளம்ஸ் ஆகிய பழங்கள் பருவத்தில் வயிறாரக் கிடைத்தன. கோதுமையைக் கைத்திரிகையில் அரைத்துத் தாமே ரொட்டி சுட்டனர். கச்சானை வறுத்து அரைத்து வெண்ணெய்க்குப் பதிலாகப் பூசினர்; கடை வெண்ணெயைவிட அது நான்கு மடங்கு மலிவாயிற்று. நம் பிள்ளைகள் வீட்டில் விரும்பி உண்ணும் அதே கச்சான் வெண்ணெய்தான். இன்று அதைப் பள்ளிக்குக் கொண்டுவர இடமில்லை என்பது வேறு விடயம்! பண்ணைத் தோடம்பழத்தில் பழப்பாகு காய்ச்சினர். நகரத்துக்குச் சொந்த வேலையாகச் செல்வோர் புகையிரதம் ஏறாமல், அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, அந்த ரொட்டியையும் பழப்பாகையும் கட்டிக்கொண்டு 21 மைலையும் நடந்தே சென்றனர்.

பிள்ளைகள் எல்லாரும் எப்போதும் உற்சாகமாக வேலை செய்தனர் என்று எண்ண வேண்டா. பொய்க் காய்ச்சல் சொல்லிப் படுத்தோரும், மறைவில் நின்று நேரம் போக்கினோரும் உண்டு. காந்தியடிகள் சில நாள் கண்டும் காணாதவர் போலிருப்பார். பல நாள் கண்டிப்பார். ஆனால் ஒரு நியதியை அவர் மீறவில்லை. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளையிடம் சொல்வதில்லை. பிள்ளைகள் கிடங்கு வெட்டினால் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று தாமும் வெட்டுவார். மேற்பார்வை என்ற சொல்லுக்கு அங்கு இடம் இருக்கவில்லை. காலன்பாக்கோ ஒரு படி மேலே சென்று, மரியன்ஹில் துறவியர் மடத்தில் செருப்புத் தைக்கப் பயின்று வந்து மற்றவருக்கும் கற்பித்தார். பாம்புகளைப் பற்றி ஆராய்ந்து, நாகம் ஒன்றைக் கூட்டில் வைத்து வளர்க்கவும் செய்தார்! பிள்ளைகள் அச்சமின்றிச் சுற்றி நின்று பார்த்தனராம்.

பாடசாலை பிற்பகலில்தான். காலை முழுவதும் மண்ணோடு நின்றவர்கள் மதிய உணவுக்குப்பின் படிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே தூங்கி விழுந்தனர். கண்ணில் நீரைத் தெளித்துத் தெளித்துப் பாடம் நடந்தது. குசராத்தி, தமிழ், இந்தி, உருது ஆகிய மொழிகளைத் தத்தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். தமிழும் உருதும் காந்தியடிகளின் பங்கு.

மாணவர்கள் இவ்விடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தத் தமிழ்ப் பிள்ளைகள் தென்னாபிரிக்காவில் பிறந்தவர்கள். வீட்டில் கேட்ட தமிழைச் சிறிது பேசுவர். எழுத்து ஒன்றும் அறியார். குசராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், கப்பலிலும் சிறையிலும் தாம் கற்ற சொற்ப அறிவைக் கொண்டு, அவர்களுக்கு அகரம் எழுதக் காட்டினார். இலக்கணத்தின் தொடக்கப் பாடங்களையும் சொல்லிக் கொடுத்தார். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரை எளிதில் வென்றுவிடுவர். ஆங்கிலம் தெரியாத தமிழர் பண்ணைக்கு வந்தால் அந்த மாணவரே ஆசிரியருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆயினர். தம் அறியாமையை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. அதனால் அவர் மதிப்புக் குறைந்ததாகவும் தெரியவில்லை. ரொறன்ரோவில் ஐந்து வயதிலே தமிழ் வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகளின் நிலையும் அதுவே: காது அறிந்த மொழி, கை அறியாத எழுத்து. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இடம் மாறியிருக்கிறது, இடர் மாறவில்லை.

குறைகளையும் சொல்லாவிடின் இது வாழ்த்துப்பா ஆகிவிடும். நாம் பாடசாலை ஆசிரியராய் இருந்தவர்கள்; இன்னோர் ஆசிரியரின் வகுப்பை அளந்து பார்க்கும் பழக்கம் எளிதில் போகாது. டால்ஸ்டாய் பண்ணையில் ஏட்டுக் கல்வி மெலிந்தே இருந்தது. பாடநூல்கள் அரிது, நேரம் குறைவு, பல வயதினர் ஒரே வகுப்பில். காந்தியடிகளின் மூத்த மகன் ஹரிலால், தமக்கு முறையான கல்வி கிடைக்கவில்லை என்று மனங்குமுறி, 1911இல் தந்தையை விட்டு இந்தியாவுக்குச் சென்றார். அந்தப் பிளவு பின்னர் ஆறவே இல்லை. தாம் கொண்ட கொள்கைக்குத் தம் பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுக்க ஒரு தந்தைக்கு உரிமை உண்டா என்பது இன்றும் பெற்றோர் தம் நெஞ்சிலே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. மற்றொன்று: அடங்காத மாணவன் ஒருவனை அவர் ஒருமுறை அடிமட்டத்தால் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவருக்கே உடல் நடுங்கிற்று. அவன் அழுது மன்னிப்புக் கேட்டான். பதினேழு வயதான, உடல் வலுவுள்ள இளைஞன். நினைத்திருந்தால் திருப்பி அடித்திருக்கலாம். அச்செயலை எண்ணி அவர் பின்னர் நெடுங்காலம் வருந்தினார். அதன்பின் மாணவரை அடிக்கவில்லை.

1912இன் பிற்பகுதியில் கோகலே என்னும் பெருந்தலைவர் இந்தியாவிலிருந்து வந்து பண்ணையில் தங்கினார். 1913 தொடக்கத்தில் பண்ணை மூடப்பட்டது. காந்தியடிகள் பிள்ளைகள் சிலருடன், டேர்பன் அருகே 1904இல் தாம் நிறுவியிருந்த பீனிக்ஸ் குடியிருப்புக்குச் சென்றார். ஆனால் பண்ணை வளர்த்தவர்கள் ஓயவில்லை. அவ்வாண்டு போராட்டம் மீண்டும் எழுந்தபோது, அங்கு வாழ்ந்த பெண்கள் பதினொருவர், ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர், ஆறு பேர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்ய அழைத்தனர். மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். அப்போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பெப்ரவரி 22இல் தம் பதினாறாம் வயதில் மறைந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர் மீது சுமத்தப்பட்டிருந்த மூன்று பவுண் வரி அவ்வாண்டே நீக்கப்பட்டது. ஜூலை 18இல் காந்தியடிகள் தென்னாபிரிக்காவை விட்டுப் புறப்பட்டார்.

பீனிக்ஸ் பிள்ளைகள் அவருக்கு முன்னரே இந்தியா சென்று, தாகூரின் சாந்திநிகேதனில் தங்கினர். அவர்களுள் தம்பி நாயுடுவின் மக்கள் போன்ற தமிழ்ச் சிறுவரும் இருந்தனர். தம் அறையைத் தாமே கூட்டி, தம் உணவைத் தாமே சமைத்த அவர்களை அங்குள்ள மாணவர் வியந்து பார்த்தனர். 1915 மார்ச் 10இல், காந்தியடிகளின் தூண்டுதலால், சாந்திநிகேதன் மாணவரும் ஆசிரியரும் வேலையாள்களுக்கு ஓய்வு கொடுத்துத் தாமே எல்லா வேலைகளையும் ஏற்றனர். அந்த முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் அந்த நாள் அங்கே ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றது. 1937 ஒக்டோபரில் வார்தா மாநாட்டிலே காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது, கைத்தொழில் வழியாகவே பாடம் என்ற அதன் அடிப்படை, லோலியின் கிடங்குகளிலிருந்து எடுத்த மண்தான். 1927 நவம்பரில் அவர் யாழ்ப்பாணம் வந்தார் என்பதை நம் மூத்தோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். 1948 சனவரி 30இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். டால்ஸ்டாய் பண்ணையின் தகரக் கொட்டகைகள் காலப்போக்கில் அழிந்து போயின.

இதனை இம்மலரில் எழுத ஒரு காரணம் உண்டு. நம் பள்ளி நடைபெறும் வளவின் பின்புறத்தில் பிள்ளைகளோடு ஒரு காய்கறித் தோட்டம் அமைக்கலாமென்ற எண்ணம் எழுந்தபோது, பெற்றோர் சிலர் ஒரு வினாவை எழுப்பினர். சனிக்கிழமையில் கிடைப்பதே இரண்டரை மணி நேரம். அதிலும் மண்ணைக் கிண்டினால் தமிழ் எப்போது படிப்பது என்று. நியாயமான வினா. ஹரிலாலின் கதையை மேலே மறைக்காமல் எழுதியதும் அதற்காகவே. தோட்டம் பாடத்தை விழுங்கிவிடக் கூடாது. வகுப்பு நேரத்தில் அரை மணிக்கு மேல் அது எடுக்காது.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாற்று, பாத்தி, களை, பசளை, பிஞ்சு, முற்றல், பதியம், கொழுகொம்பு ஆகிய சொற்களை நாம் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லியிருக்கிறோம். அடுத்த வாரம் கேட்டால் ஒன்றிரண்டே நிற்கும். நம் தாத்தா பாட்டிமார் பலர் தோட்டக்காரர். மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் பயிரிட்ட கைகள் ஸ்காபரோவின் பதினைந்தாம் மாடியில் தொலைக்காட்சி முன் மடியில் கிடக்கின்றன. பேரப்பிள்ளைகளோடு பேச அவர்களுக்குப் பொதுவான பொருள் ஒன்றுமில்லை. வன்னியில் நாம் கற்பித்த பாடசாலையிலும் ஒரு தோட்டம் இருந்தது: வெண்டி, பயிற்றை, மரவள்ளி. 2008இல் ஊரே இடம்பெயர்ந்தபோது வெண்டி காய்த்துக் கிடந்தது. பறிக்க நேரமில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகளில் சிலர் எங்கே என்று இன்றும் நமக்குத் தெரியாது.

கனடாவுக்கும் இது புதிய கருத்தன்று. டால்ஸ்டாய் பண்ணைக்கு முன்பே, 1904இல், சேர் வில்லியம் மக்டொனால்டின் பொருளுதவியோடு பேராசிரியர் ஜேம்ஸ் ரொபேர்ட்சன் ஒன்ராறியோவிலும் கிழக்கு மாகாணங்களிலும் பாடசாலைத் தோட்டங்களைத் தொடக்கி வைத்தார். நம் ஸ்காபரோவிலேயே பெண்டேல் தொழிற்கல்விப் பள்ளியில், ஃபூட்ஷேர் என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு 2010ஆம் ஆண்டளவில் மாணவர் காய்கறி பயிரிட்டு விற்றனர். அப்பள்ளி பின்னர் வேறொரு பள்ளியோடு இணைக்கப்பட்டது. இந்நாட்டுப் பாடசாலைத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பகை கோடை விடுமுறை. பயிர் நீர் கேட்கும் ஜூலையிலும் ஓகஸ்டிலும் பள்ளி பூட்டியிருக்கும். லோலியில் விடுமுறை என்பதே இல்லை. நம்மிடம் தாத்தா பாட்டிமார் இருக்கின்றனர்.

நகரத்து மண்ணில் ஈயம் போன்றவை கலந்திருக்கக் கூடுமாதலால், பலகையடித்த பாத்திகளில் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்புவோம். தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளை மார்ச் மாதத்திலேயே வீட்டுச் சன்னலோரம் சிறு கிண்ணங்களில் ஊன்றிவிட வேண்டும். தண்டுக்கீரையை நேரே தூவலாம். மே மாதத்து விக்டோரியா நாளுக்கு முன் நாற்றை வெளியே நட்டால் பனி கருக்கிவிடும். ஆகவே அந்நாள் கழிந்த முதற் சனிக்கிழமை நடுகை. ஆசிரியர் அனைவரும் மண்வெட்டியோடு நிற்போம். கோடையில் முறைவைத்து நீர் ஊற்ற இயன்ற அப்பப்பா, அம்மம்மாமார் தம் பெயரை வகுப்பாசிரியரிடம் கொடுக்கலாம். அவர்களை அழைத்து வருவதும், அவர்கள் சொல்லும் பயிர்ப் பெயர்களைப் பலகையில் தமிழில் எழுதிப் பாத்தியில் நடுவதும் ஐந்தாம் வகுப்பு மாணவரின் பொறுப்பு.